டிராக்டர் முன்னால் உட்கார்ந்த பெரியப்பா

மங்கலம் தோட்டம்,
கார்த்திகை மாதம், 1972.

அன்புள்ள பூங்கோதைக் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கறவை மாடும் கன்றும் சுகம், எங்கள் எல்லோரையும்விடச் சுகமாக இருப்பது அப்பா வாங்கிய சின்ன டிராக்டர், அதற்குத் தினமும் குளியல் உண்டு. அங்கே நீயும் சுகம் என்று உன் கடிதம் சொல்கிறது, ஆனால் உன் கையெழுத்து வரவர மெலிந்துகொண்டே வருவதைப் பார்த்தால் ஹாஸ்டல் சப்பாத்தி அதையும் இளைக்க வைத்துவிட்டதோ என்று தோன்றுகிறது. ஜமால் மாமா கடையிலிருந்து முழுக்கை பனியன்கள் வாங்கிப் பார்சல் போட்டிருக்கிறேன், ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொள். திருப்பூர்ப் பக்கத்துப் பெண் டில்லியில் குளிரில் நடுங்கினாள் என்று யாராவது சொன்னால் இந்த ஊர் வியாபாரத்துக்கே கெட்ட பெயர் என்று ஜமால் மாமா உன்னிடம் சொல்லச் சொன்னார். பார்சலுக்குள் பருப்புப் பொடியும் நிலக்கடலை உருண்டையும் இருக்கின்றன. உருண்டையை அறைத்தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு நீயும் ஒன்று தின்னு, எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு எனக்குப் புண்ணியக் கணக்கு எழுதாதே.

ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில், ஏதோ மறந்துபோய் ஞாபகம் வந்தவள் மாதிரி, பெரியப்பா இப்போதாவது உட்கார்கிறாரா என்று கேட்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் மீதிக் கடிதத்தையே எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியாதா. கணியூர்ச் சம்பந்தம் வேண்டாம், பெண் மேலே படிக்கட்டும் என்று நாங்கள் முடிவு செய்த அன்றைக்கு அவர் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னதை நீயும் கேட்டாய். “அந்தப் புள்ளைய அத்தன தூரம் அனுப்பிச்சீன்னா, உன்ற ஊட்டுல நான் இனி உக்கார மாட்டேன்டா ஈஸ்வரா” என்றார். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கோபத்தில் வருவதையே நிறுத்தியிருப்பார்கள். உன் பெரியப்பா சொன்னதற்கு ஒரு சொல் கூடவும் செய்யமாட்டார், குறையவும் செய்யமாட்டார். உட்கார மாட்டேன் என்றார், வரமாட்டேன் என்று சொல்லவில்லையே. ஆகவே நீ புறப்பட்டுப் போன மறுநாளிலிருந்து இந்த இரண்டு வருஷமாகத் தினமும் வருகிறார், நின்றுகொண்டே மோர் குடிக்கிறார், நின்றுகொண்டே பேப்பர் படிக்கிறார், நின்றுகொண்டே அப்பாவோடு கிணற்றுத் தண்ணீர் முறைக்குச் சண்டை போட்டுவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போகிறார். பெரியவர் நிற்கும்போது மற்றவர்கள் உட்கார முடியுமா. அவர் இருக்கிறவரைக்கும் அப்பா நிற்க, நான் நிற்க, வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் நிற்க, வீடே பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆகிவிடுகிறது. போன மாதம் டிராக்டர் கடன் விஷயமாக வந்த ஒரு அதிகாரி இப்படி எல்லோரும் சுவரோரமாக நிற்பதைப் பார்த்து, வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து, குரலைத் தாழ்த்தி இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

வேடிக்கையாக எழுதுகிறேனே தவிர, உனக்கு அங்கே உறுத்துவது எனக்குத் தெரிகிறது. பொங்கலுக்கு வருவதா வேண்டாமா, நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட அவர் வாசலில் நிற்பதை எப்படிப் பார்ப்பேன் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். அதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் பேனாவை எடுக்கவில்லை. இப்போது எழுதும்படியாக ஒன்று நடந்திருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல டிராக்டரிலிருந்து ஆரம்பித்தாக வேண்டும், பொறுமையாகப் படி.

வண்டி பார்க்கச் சின்னதுதான், நம் மொட்டை வண்டிக் காளை இரண்டும் அதன் பக்கத்தில் நின்றால் காளைதான் பெரிதாகத் தெரியும். ஆனால் அதன் பின்னால் கீழே இரண்டு இரும்புக் கை, அவற்றுக்கு மேலே நடுவில் ஒன்று, ஆக மூன்று கை உண்டு. அந்த மூன்றிலும் கலப்பையை மாட்டிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சின்ன லிவரை இழுத்தால் போதும், கலப்பை தானாக எழும்பி நிற்கும், தள்ளினால் இறங்கும். எண்ணெயின் அழுத்தத்தில் நடக்கிறது என்று உன் அப்பா எனக்குப் பாடம் எடுத்தார். உழுவதற்காக வாங்கிய வண்டிதான். உழுதது ஒரு வாரம். அந்த லிவரை இழுத்துப் பார்த்த ருசியில் கலப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, திருப்பூர்ப் பட்டறையில் சொல்லி, நீளமான இரும்புக் குழாய் ஒன்றை அந்த மூன்று கைகளிலும் பொருந்தும்படி செய்து, நுனியில் ஒரு கொக்கியும் வைத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து இந்தத் தோட்டத்தில் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. உர மூட்டை தூக்கினார், கிணற்று மோட்டாரைத் தூக்கினார், வெந்நீர் அண்டாவை என்னைக் கேட்காமல் தூக்கினார், துவைக்கிற கல்லைக் கிழக்கே கொண்டுபோய் வைத்தார், வெயில் அடிக்கிறது என்றேன், மேற்கே கொண்டுபோனார், சேறாகிறது என்றேன், மறுபேச்சில்லாமல் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை இவ்வளவு உற்சாகமாக அவர் கேட்டதில்லை.

ஆனால் அந்தக் குழாயில் ஒரு சிக்கல் இருந்தது. கலப்பை வண்டியை ஒட்டியே இருக்கும், குழாயின் நுனியோ வண்டியைவிட்டுத் தள்ளி நிற்கிறது. பாரம் தள்ளித் தொங்கத் தொங்கச் சின்னக் கனமும் பெரிய கனமாகிவிடும், கொஞ்சம் கூடினால் முன் சக்கரம் தரையைவிட்டு எழும்பும், அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பி என்ன பயன், சக்கரம் காற்றில்தானே திரும்பும். நான் உன்னைப்போல் பௌதிகம் எடுக்காமல் பி.ஏ.யில் சரித்திரம் படித்தவள் என்றாலும் இண்டர்மீடியட்டில் நெம்புகோல் படித்தவள், பின் சக்கரம்தான் தராசு முள், பின்னால் கூடினால் முன்னால் தூக்கும் என்று எடுத்துச் சொன்னேன். நீ பௌதிகத்தை ஞாபகப்படுத்திக்கொள்வதெல்லாம் நான் சந்தோஷமாக இருக்கும்போதுதான் என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்.

துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் வந்த நாளில் இது பெரிய விஷயமாகிவிட்டது. ஜமால் மாமாவும் அப்பாவும் பங்காகப் பனியன் துணி ஓட்டப் போகிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதற்காக மாட்டுக் கொட்டகைக்கு அப்பால் ஒரு ஷெட் கட்டியாயிற்று. தண்ணீர் நிற்கக்கூடாது என்று தரையை முழங்கால் உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார்கள். மிஷின் திருப்பூர் கூட்ஸ் ஷெட்டில் இறங்கி லாரியில் வந்து வாசலில் இறங்கியது. வட்டமான மிஷின், நடுவில் சிலிண்டரைச் சுற்றி ஊசிகள், கீழே வார்ப்பிரும்புக் கால்கள், ஊரில் உள்ள ஆண்கள் எல்லாம் சேர்ந்து பிடித்தாலும் அந்த மேட்டின்மேல் ஏற்ற முடியாத கனம். டிராக்டரை மிஷினுக்கு முதுகைக் காட்டி நிறுத்தி, சங்கிலி போட்டு, அப்பா லிவரை இழுத்தார். மிஷின் அசையவில்லை, டிராக்டர்தான் முன்னங்காலைத் தூக்கியது. உடனே இறக்கிவிட்டார். ராசப்பன், அவர்தான் பக்கத்துத் தோட்டத்தில் விசைத்தறி போட்டிருப்பவர், முன்னால் கனம் வைத்தால் சரியாகிவிடும் என்றார். கனத்துக்கு எங்கே போவது என்று கேட்டால் ஜமால் மாமா தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். முன் பம்பர்மேல் ஒரு பலகையைக் கட்டி, அதில் ஜமால் மாமா ஒரு பக்கமும் ராசப்பன் ஒரு பக்கமும் மாப்பிள்ளைத்தோழர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். லிவரை இழுத்ததும் மிஷின் எழும்பிவிட்டது. அது ஆடாமல் இருக்க நம் பண்ணையாள் பொங்கியண்ணன் ஒரு கயிற்றைக் கட்டித் தள்ளி நின்று பிடித்துக்கொள்ள, அப்பா வண்டியைப் பின்னுக்கு, எறும்பு ஊர்கிற மாதிரி, ஷெட்டை நோக்கி நகர்த்தினார். மிஷினின் பின் கால்கள் மேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டன, முன் கால்கள் இன்னும் வெளியே.

அந்த நேரம் பார்த்து உன் பெரியப்பா வந்தார்.

வந்தவர் வழக்கப்படி நின்றார். பெரியவர் வந்து நிற்கிறார், நாம் உட்கார்ந்திருக்கிறோமே என்று ஜமால் மாமாவுக்கும் ராசப்பனுக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்கிறது. இரண்டு வருஷமாகப் பழகிப்போன உடம்புகள், மூளையைக் கேட்கவில்லை. இருவரும் மரியாதையாகப் பலகையைவிட்டு இறங்கி, “வாங்க பெரியண்ணா, வாங்க” என்று கையைக் கூப்பினார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே டிராக்டரின் முன்பக்கமும் எழுந்து கும்பிட்டது. கொங்குநாட்டில் வாங்கிய வண்டி, அதற்கும் மரியாதை தெரிகிறது என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறோம், அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மிஷின் தடாலென்று தாழ்ந்து, பின் கால்கள் மேட்டில், முன் கால்கள் அந்தரத்தில், சாய்ந்து தொங்கியது. அப்பா பிரேக்கை மிதித்தபடி மேலே மாட்டிக்கொண்டார். இறக்கினால் மிஷின் கவிழ்ந்து ஊசியும் சிலிண்டரும் போய்விடும், தூக்கினால் வண்டியின் முன்பக்கம் இன்னும் எழும்பும், அவர் குதித்தால் எல்லாமே போய்விடும். அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததில்லை. ஜமால் மாமாவும் ராசப்பனும் பம்பரைப் பிடித்துத் தொங்கினார்கள். பாரம் சாய்ந்து இன்னும் தள்ளிப் போய்விட்டதால் அவர்கள் கனம் இப்போது போதவில்லை. நான் ஓடிப்போய் நடுவில் பலகையைப் பிடித்து அழுத்தினேன். என் எடை போதவில்லையே என்று வாழ்க்கையில் முதன்முதலாக வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். பொங்கியண்ணன் கயிற்றைவிட முடியாது. மீதி இருந்தது ஒருவர்தான், நம் குடும்பத்திலேயே கனத்த ஆள், இரண்டு எட்டு தூரத்தில், கையில் துண்டோடு, நின்றுகொண்டிருந்தார்.

கண்ணு, கல்யாணமாகி வந்த நாள் முதலாக நான் அவரோடு நேருக்கு நேர் பேசியதில்லை, உனக்கே தெரியும். வீட்டுக்காரரின் அண்ணனோடு பேசக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, இந்த வீட்டில் எந்தப் பெண்ணும் பேசவில்லை, அதனால் நானும் பேசவில்லை, மதராஸ் வரை போய்ப் பட்டம் வாங்கி வந்தவள் இதில் மட்டும் ஏன் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டேன் என்று சில சமயம் யோசிப்பேன். மோர் வேண்டுமா என்று மாட்டைப் பார்த்துக் கேட்பேன், அவரும் மாட்டைப் பார்த்தே வேண்டும் என்பார். அன்றைக்கு மாடு பக்கத்தில் இல்லை. அவர் கால் முன்னே வருவதும் நிற்பதுமாக இருந்ததைப் பார்த்தேன். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது, சொன்ன சொல் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னேன்.

“மாமா, ஊட்டுல உக்கார வேண்டாமுங்க. வண்டீல உக்காருங்க.”

அவரும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எழும்பி நின்ற பம்பரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்து, திரும்பி, பலகையின் நடுவில் உட்கார்ந்தார். வண்டி பால் கறக்க நிற்கிற மாடு மாதிரி அடங்கிக் கீழே வந்தது. ஜமால் மாமாவும் ராசப்பனும் இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டார்கள், மிஷின் நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு அந்த மிஷினை ஷெட்டுக்குள் இறக்கி வைக்க உன் அப்பா எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு விருந்துக்குச் சமைத்திருப்பேன். கொஞ்சம் இந்தப் பக்கம் என்றார், கொஞ்சம் அந்தப் பக்கம் என்றார், போல்ட்டு துளைக்கு நேராக வரவில்லை என்றார், வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பயம் தெளியாமல் அப்படிச் செய்தாரா, அண்ணன் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும் என்று செய்தாரா, அது அவருக்குத்தான் தெரியும். பெரியப்பா பலகையில் உட்கார்ந்தபடியே முதுகுக்குப் பின்னால் நடக்கிற வேலைக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் விஷயம் காதில் விழுந்து உன் பெரியம்மா சுப்பாத்தாள் ஓடி வந்தார். வந்தவர் டிராக்டரையும் பார்க்கவில்லை, மிஷினையும் பார்க்கவில்லை, தன் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். “ரண்டு வருசமா நிக்கற மனுசன உக்கார வெக்க என்னென்னமோ சாமிக்கு நேந்துக்கிட்டேன், ஒரு டேக்டரு போதுமாட்ட இருக்குது” என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்க உன் அப்பாவைத் திட்டினார்.

இறங்கியதும் ஜமால் மாமா சும்மா இருக்கவில்லை. இப்போது நீங்கள் உட்கார்ந்தது கணக்கில் சேருமா என்று மிகப் பணிவாகக் கேட்டார். வண்டியை எவன் வீடு என்று சொன்னான் என்றார் பெரியப்பா. அப்படியானால் ஷெட்டும் வீடு இல்லை, கம்பெனிதானே என்று ஜமால் மாமா நூல் மூட்டை ஒன்றை இழுத்துப் போட்டு, “இதுல பாதி என்னுதுங்க பெரியண்ணா. என்ற ஊட்டுல உக்கார மாட்டேன்னு நீங்க எப்பவும் சொன்னதில்லீங்களே” என்றார். பெரியப்பா துண்டால் மூட்டையைத் தட்டினார். பிறகு ஜமால் மாமாவின் பாதியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் அங்கேதான், நூல் மூட்டைமேல் உட்கார்ந்து மிஷின் சுற்றுவதைப் பார்க்கிறார், கரண்டு போனால் மிஷினைவிட அவர்தான் அதிகம் சங்கடப்படுகிறார். அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்து முடித்துவிட்டு வீட்டு வாசலுக்கு வந்தால் பழையபடி நிற்கிறார். பாதி வழி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அடுத்த மிஷினும் வரப்போகிறது. ஆட்களைப் பலகையில் உட்கார வைப்பது ஆபத்து, இனி வேண்டவே வேண்டாம் என்று நான் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டேன், அப்பாவும் ஒப்புக்கொண்டு, கிணற்று மேட்டில் கிடந்த பழைய கல் ஒன்றை வண்டிக்கு முன்னால் கட்டுவதற்காகப் பொங்கியண்ணனை எடுத்துவரச் சொன்னார். பெரியப்பா பார்த்துவிட்டார். “ஏண்டா, என்ற எடத்துல கல்லையா கொண்டாந்து வெக்கறீங்க?” என்றார். அவருக்கு நிஜமாகவே மனசு சுருங்கிவிட்டது. அப்பா என்னவோ சமாதானம் சொல்லப் போனார், அவர் கேட்கவில்லை. “எத்தன கனம் வெக்கோணும்னு உங்கள்ல ஒருத்தனுக்காச்சும் தெரியுமா? குத்துமதிப்பாத் தூக்கித்தானே அன்னிக்கு அந்தக் கதியாச்சு. அந்தப் புள்ள அதத்தானே படிக்குது. வந்து கணக்குப் போட்டுச் சொல்லட்டும், அப்பறம் கட்டலாம் கல்லு” என்று சொல்லிவிட்டுக் கல்லைத் திரும்ப அனுப்பிவிட்டார். இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து உன்னைப் பற்றி வந்த முதல் பேச்சு இது. நீ போனது தப்பு என்று அவர் இன்னும்தான் நினைக்கிறார், அதை மாற்றிக்கொண்டதாக நினைத்துவிடாதே. ஆனால் போனவள் என்ன படிக்கிறாள் என்பதை யாரிடமோ கேட்டு வைத்திருக்கிறார், அது எனக்குத் தெரியாமல் போயிற்று. அன்று போகும்போது வாசலில் நின்று, பொங்கலுக்கு வருகிறாளா என்று கேட்டார். மாட்டைப் பார்த்துக் கேட்கவில்லை, கண்ணு, என்னைப் பார்த்துக் கேட்டார். வருகிறாள் மாமா என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது சரியில்லைதான், ஆனால் நீ இனி வராமல் இருக்க முடியாது.

ரயிலுக்கு இப்போதே பதிவு செய்துவிடு, கடைசி நாளில் ஓடாதே. குழாயின் நீளம், சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம், இன்னும் என்னென்ன அளவு வேண்டுமோ எழுது, அப்பா அளந்து அனுப்புவார், அவருக்கு இப்போது வேறு வேலை இல்லை. அளவுகள் வந்தால் ஹாஸ்டலிலேயே நாலு வரியில் கணக்கைப் போட்டு முடித்துவிடுவாய், அதை நான் அறிவேன். முடித்தால் முடித்துக்கொள், ஆனால் விடையைத் தபாலில் அனுப்பாதே. இங்கே வந்து, வீட்டுக்குள், கூடத்து மேஜைமேல் பேப்பரை விரித்து முதலிலிருந்து போடு. பெரியப்பா வந்து நிற்பார். நீயும் எழுந்து நில், மரியாதையாகப் பேசு, ஆனால் இது நின்றுகொண்டு பார்க்கிற கணக்கு இல்லை என்று சொல். அதற்கும் அசையவில்லை என்றால் கவலைப்படாதே, கணக்கை மட்டும் கொஞ்சம் நீளமாக்கு. ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார். அவருடைய முழங்கால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும், நாற்காலியை எங்கே போட வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியும்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், ராத்திரி படிப்பைக் குறைத்துக்கொள், பனியனை வெந்நீரில் துவைக்காதே, சுருங்கினால் ஜமால் மாமா நீதான் குண்டாகிவிட்டாய் என்று சாதிப்பார். நம் குலதெய்வம் பொன்னழகு நாச்சி துணையிருந்து நீ நல்ல உடம்போடும் நல்ல மனசோடும் வந்து சேர வேண்டும் என்று அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். பெரியம்மா தன் ஆசியைத் தனியாக எழுதச் சொன்னார், பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான் கடிதம் எழுத உட்கார்கிறேன் என்று தெரிந்ததும் ஷெட்டிலிருந்து சீக்கிரமே கிளம்பிவிட்டார் போலிருக்கிறது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, எழுந்து நிற்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நின்றுகொண்டே எழுதும்,
உன் அம்மா
மரகதம்